பழைய காரில் பெட்ரோல் வீணாவது ஏன்?

பழைய கார் வைத்திருக்கும் தோட்டத் தொழிலாளர் பலர், சம்பளத்தில் பெரும்பகுதி பெட்ரோலுக்கே போய்விடுகிறதென வருந்துவர். உடனே பட்டறைக்குச் சென்று பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவதால் வெள்ளி வீணாகுமேயன்றிக் குறை தீராது. நோயை அறிந்த பின்பே மருந்து தருதல் வேண்டும்.

மலைப் பாதையின் இயல்பு

ரப்பர்த் தோட்டத்து அன்பர்கள் பலர் உறவினரைக் காணக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்வதுண்டு. தாப்பாவிலிருந்து தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர். ஏற்றமோ ஏறக்குறைய 1,400 மீட்டர். அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி, கடலோரத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற கார்புரேட்டர் கார்களில், காற்று குறையும் அளவிற்குப் பெட்ரோல் குறைவதில்லை. மிகுதி, சரிவர எரியாமல் கரும்புகையாகிறது. ஆகவே மலையேறிய நாளின் செலவைக் கொண்டு இயந்திரம் கெட்டதென முடிவு செய்யலாகாது. மலையிலேயே கார்புரேட்டரைத் திருத்திக்கொண்டு சமவெளிக்கு இறங்கினால், பெட்ரோல் போதாமல் இயந்திரம் மிகுதியாகச் சூடேறக்கூடும்.

அளந்தறியும் முறை

தொட்டியை நிரப்பி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்க. வழக்கமான சாலைகளில் சில நாள் ஓட்டியபின், அதே நிலையத்தில் மீண்டும் நிரப்புக. 280 கிலோமீட்டருக்கு 28 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்பது கணக்கு. மும்முறை அளந்து சராசரி காண்க. முன்பு 12 கிடைத்திருந்தால் குறை உண்டென்பது உறுதி.

செலவில்லாச் சோதனைகள் முதலில்

1. டயர்: வண்டி ஓடுமுன், குளிர்ந்த நிலையில் காற்றை அளக்க வேண்டும். காற்று குறைந்த டயர் ஓட்டத்தைத் தடுக்கும்.

2. சோக்: குளிர்ந்த காலையில் இழுத்த குமிழை, இயந்திரம் சூடேறியதும் உள்ளே தள்ள வேண்டும். மறந்தால் பெட்ரோல் மிகுதியாகப் பாயும்.

3. பிரேக்: சமதரையில், மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்திக் கையால் சுழற்றுக. இறுகி நின்றால் பிரேக் விடுபடவில்லை எனலாம்.

4. பிளக்: நுனியில் கரிய புகைப்படிவு இருந்தால் பெட்ரோல் மிகுதி, இளம் பழுப்பு நிறமே நலம். கரிந்திருந்தால், காற்று வடிகட்டியில் தூசி அடைத்துள்ளதா எனப் பார்க்க.

5. தெர்மோஸ்டாட்: வேண்டாமெனக் கழற்றப்பட்ட வண்டியில் இயந்திரம் உரிய சூட்டை அடையாது, செலவு கூடும்.

6. கசிவு: பெட்ரோல் வாடை வீசினால் வண்டியை ஓட்டாது பட்டறையாரை அழைக்கவும். நெருப்பு அருகில் வரலாகாது.

உயிரே பெரிது

சிக்கனம் கருதி இறக்கத்தில் நியூட்ரலில் வண்டியை விடுவோரும் உளர். அவ்வாறு விட்டால் வேகத்தைத் தடுக்கும் பொறுப்பு முழுதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்தால், மலை வளைவில் குடும்பமே பள்ளத்தில் வீழ நேரிடலாம். தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்குவதே அறிவுடைமை. ஒரு சிறு குறிப்பேடும் பொறுமையும் இருந்தால் பெட்ரோலும் மிஞ்சும். பயணமும் நலமாக முடியும்.