இரு கணினிகளுக்கு ஒரே விசைப்பலகை

பொதுப்பணத்தில் ஒரு பொருளை வாங்குமுன், அது எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்று அறிந்து கொள்வது ஊராட்சி உறுப்பினர்களின் கடமையாகும். கணினிச் சாதனங்கள் விஷயத்தில் இவ்வெச்சரிக்கை மிகவும் அவசியம். அத்தகைய சாதனம் ஒன்றைப் பற்றி இங்கே ஆராய்வோம்.

சில அலுவலகங்களில் இரண்டு கணினிகள் உள்ளன. பழைய கணினியில் முந்தைய ஆண்டுகளின் கணக்குகள் இருக்கின்றன. புதியதில் அன்றாட வேலைகள் நடைபெறுகின்றன. இரண்டையும் இயக்குபவரோ ஒருவரே. இந்நிலையில் இரண்டு திரைகள், இரண்டு விசைப்பலகைகள், இரண்டு மௌஸ்கள் எதற்கு? ஒரே தொகுதியைக் கொண்டு இரு கணினிகளையும் மாறி மாறி இயக்க உதவும் சிறு பெட்டிக்குக் கே.வி.எம். சுவிட்சு என்று பெயர். கே, வி, எம் என்பன விசைப்பலகை, திரைக்காட்சி, மௌஸ் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களுடைய முதலெழுத்துகளாம்.

வேலை செய்யும் விதம்

ஒரே கிணற்று நீரை இரு வயல்களுக்குப் பாய்ச்சும் விவசாயி ஒரு மடையை அடைத்து மற்றொன்றைத் திறக்கிறார். சுவிட்சும் அவ்வாறே செய்கிறது. பொத்தானை அழுத்தினால் விசைப்பலகையும் மௌஸும் திரையும் முதற்கணினியை விட்டு இரண்டாவதைச் சேருகின்றன. ஆயினும் ஒரு வயலின் நெல் மற்றொரு வயலுக்குச் செல்வதில்லை. அதுபோல, ஒரு கணினியிலுள்ள கணக்கு மற்றதற்குத் தானே செல்லாது. கண்ணும் கையுமே பொது, நினைவு தனித்தனி. இதுவே முக்கியமாக உணர வேண்டியதாகும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கணினிகளின் பின்புறத்தை முதலில் பார்க்க வேண்டும். மூன்று வரிசைகளில் 15 துளைகளுள்ள வி.ஜி.ஏ. இணைப்பு 1987ஆம் ஆண்டில் வந்தது. பழைய கணினிகளில் அதுவே காணப்படும். புதியவற்றில் 19 முனைகளுள்ள எச்.டி.எம்.ஐ. இணைப்பு இருக்கும். இவ்விரண்டையும் வெறும் கம்பியால் பொருத்த இயலாது. தனி மாற்றுக் கருவி தேவை. அதன் விலையையும் கம்பிகளின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். விசைப்பலகையின் முனை பழைய வட்ட வடிவமா, தட்டையான யு.எஸ்.பி.யா என்பதையும் பார்த்துக் கொள்க. யு.எஸ்.பி. கம்பி 5 மீட்டருக்கு மேற்படலாகாது. கணினிகள் அருகருகே இருத்தல் நலம்.

இணைக்கும் முறை

1. இரு கணினிகளையும் முறைப்படி நிறுத்தி, மின் இணைப்பை எடுத்துவிட வேண்டும்.

2. திரை, விசைப்பலகை, மௌஸ் மூன்றையும் சுவிட்சில் அவற்றிற்குரிய இடங்களில் பொருத்த வேண்டும்.

3. ஒவ்வொரு கணினியிலிருந்தும் காட்சிக் கம்பியையும் யு.எஸ்.பி. கம்பியையும் ஒரே எண்ணுள்ள துளைகளில் செருக வேண்டும். எண்கள் மாறினால் ஒரு கணினியின் காட்சி தெரிய, மற்றதில் எழுத்துப் பதியும்.

4. முதலில் திரையையும் சுவிட்சையும், பின்னர் கணினிகளை ஒவ்வொன்றாகவும் இயக்க வேண்டும். மாற்றும்பொழுது திரை ஓரிரு நொடி இருளுவது இயல்பே. பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தலாகாது.

எச்சரிக்கைகள்

திரையில் தோன்றாத கணினி நின்றுவிட்டதாக எண்ணலாகாது; அது இயங்கிக் கொண்டே இருக்கும். ஆகவே மாலையில் இரண்டையும் தனித்தனியே நிறுத்துதல் வேண்டும். ஒரு குடியானவர் செலுத்திய வரியைத் தவறான கணினியில் பதிந்துவிட்டால், உரிய கணக்கில் அவர் பாக்கிதாரராகவே நிற்பார். இதனைத் தடுக்க, இரு திரைக்காட்சிகளின் பின்னணிக்கும் வெவ்வேறு நிறம் அமைப்பது எளிய வழி. கணக்குகளின் நகலை வேறொரு சேமிப்புச் சாதனத்தில் எடுத்து வைக்கும் வழக்கத்தையும் கைவிடலாகாது. சுவிட்சு பழுதடைந்தால் இரு கணினிகளும் ஒருங்கே பயனற்றவை போலத் தோன்றும். அப்பொழுது திரையையும் விசைப்பலகையையும் கணினியிலேயே நேராகச் செருகி வேலையைத் தொடரலாம். அதற்கு வேண்டிய கம்பிகளைப் பத்திரமாக வைத்திருப்பது அறிவுடைமை.

இரு பணியாளர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யுமிடத்தில் இச்சாதனம் பயன்படாது. ஒருவர் எழுத மற்றவர் கைகட்டி நிற்பார். வேலையை விட்டு அலுவலகம் வந்த மக்கள் வரிசையில் காத்திருப்பர். அங்கே இரண்டாவது திரை வாங்குவதே சிக்கனம். ஆதலின், உறுப்பினர்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலையைப் பற்றியதன்று. "நம் அலுவலகத்தில் இயக்குபவர் ஒருவரா, இருவரா?" என்பதே அக்கேள்வி. விடை ஒருவர் என்றால், இச்சிறு பெட்டி மேசையில் இடத்தையும் ஊராட்சி நிதியில் ஒரு திரையின் விலையையும் மிச்சப்படுத்தும்.