திரையின் நிறமும் கண்ணின் சோர்வும்



எங்கள் மருத்துவமனைச் சிற்றாலயத்தில் பாடல் வரிகளைத் திரையில் காட்டத் தொடங்கினபோது, மலை, ஆறு, காலை வானம் ஆகிய படங்களின்மேல் மஞ்சள் எழுத்துக்களைப் போட்டோம். எங்களுக்கு அது அழகாகத் தோன்றியது. சில வாரங்களுக்குப்பின், காளவாசலிலிருந்து தவறாமல் வரும் வயதான தாயார் ஒருவர் பாடாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். விசாரித்தோம். "பார்வை போச்சுங்கய்யா. இனிமே கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கேன்" என்றார்.

அடுத்த வாரம் படங்களை எடுத்துவிட்டு, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துக்களைப் போட்டோம். எழுத்தின் அளவு அதே, அவர் உட்கார்ந்த இடமும் அதே. பாதி வரிகளை வாசித்துவிட்டார்! இதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

1. நிறம் வேறு, ஒளி வேறுபாடு வேறு. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தைக் கொண்டே கண் வாசிக்கிறது. வெள்ளையில் கறுப்புக்கு இந்த வேறுபாடு 21 மடங்கு. வெள்ளையில் மஞ்சளுக்கோ ஏறக்குறைய 1 மடங்குதான். இணையத் தளங்களுக்காக 2008-இல் வெளியான சர்வதேச நெறிமுறை, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 மடங்கும், பெரிய எழுத்துக்கு 3 மடங்கும் வேண்டும் என்கிறது. நீலத்தின்மேல் சிவப்பு பளிச்சென்று தெரிந்தாலும், அது 2 மடங்கைச் சற்றே தாண்டுகிறது.

2. கறுப்புத் திரை எல்லாருக்கும் ஏற்றதல்ல. வெளிச்சமான திரையைப் பார்க்கையில் கண்ணின் பாவை சுருங்குவதால் எழுத்து கூர்மையாகத் தெரியும். கறுப்புப் பின்னணியில் பாவை விரிகிறது. சிலருக்கு வெள்ளை எழுத்துக்கள் கசிந்தாற்போல் மங்கும். ஆனால் கண்புரையினால் கண் கூசுகிறவர்களுக்குக் கறுப்புத் திரையே இதமாயிருக்கலாம்.

3. சுற்றியுள்ள வெளிச்சத்தைக் கவனியுங்கள். உச்சிவெயிலில் காளவாசல் சிக்னலில் நின்று கைபேசியைப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. கண்ணாடிமேல் விழும் வெயில், கறுப்பையும் வெளுக்கச் செய்து வேறுபாட்டைக் குறைத்துவிடுகிறது. இரவிலோ, இருட்டறையில் வெண்திரை கண்ணைக் கூசும். அறையில் ஒரு விளக்கை எரியவிட்டு, திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

4. கண் இமைக்க மறவாதீர்கள். திரையில் வாசிக்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்கிறது. 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தூரத்தை 20 விநாடி பாருங்கள்.

இத்துடன் முடிந்துவிடவில்லை. அந்தத் தாயார் மீதிப் பாதியை ஏன் வாசிக்கவில்லை? கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். இரு கண்களிலும் புரை வளர்ந்திருந்தது. புரையின் தொடக்கத்தில், பரிசோதனைப் பலகையிலுள்ள கறுப்பு எழுத்துக்களை ஓரளவு வாசிக்கிறவர்களுக்கும் வெளிறிய எழுத்துக்கள் மறைந்துபோவதுண்டு. டாக்டர் வெங்கடசாமி அவர்கள் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் நம் மதுரை. அப்படியிருந்தும், "வயசானா இப்படித்தான்" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

திரைதான் காரணமென்று நாங்கள் நின்றிருந்தால் புரை தெரிந்திராது. கண்தான் காரணமென்று அவர் இருந்திருந்தால் பாட்டு நின்றே போயிருக்கும். அறுவைச் சிகிச்சைக்குப்பின் அவர் மீண்டும் பாடுகிறார்.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது, "லைட்டு மங்கலா எரியுதே" என்று அடிக்கடி சொல்லுகிறாரா? விளக்கை மாற்றுமுன் அவர் கண்ணைச் சோதிக்கச் செய்யுங்கள்.