முஹர்ரமில் ஒரு நிய்யத்: வீட்டுக் கணக்கு

முஹர்ரம் பிறந்துவிட்டது. இவ்வாண்டு வீட்டுச் செலவைச் சீராக்க நிய்யத் வைப்போம்.

வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்கிறான் அல்லாஹ் (17:27). கஞ்சத்தனமும் கூடாது, இரண்டுக்கும் நடுநிலையே முஃமின்களின் பண்பு (25:67). யூசுஃப் (அலை) அவர்கள் விளைச்சலில் உண்பதற்குக் கொஞ்சம் எடுத்து, மீதியைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள் (12:47). பின்னால் வந்த 7 பஞ்ச ஆண்டுகளுக்கு அதுதான் கைகொடுத்தது.

நம் வீட்டில் நடப்பதென்ன? ஆடம்பரச் செலவால் நகை அடகுக்குப் போகிறது. ஹராமான வட்டி வாசலுக்கு வருகிறது.

ஆகவே, செலவை அன்றன்றே எழுதுங்கள். சம்பளம் வந்ததும் கடனுக்கு முதலில் ஒதுக்குங்கள். தேவையானதைக் குறித்துக்கொண்டே கடைக்குப் போங்கள். மிச்சத்தில் ஏழை உறவினரை நினையுங்கள்.

அல்லாஹ் நம் வீடுகளில் பரகத் செய்வானாக! ஆமீன்.