தூரமும் நேரமும்



இரண்டு ஊர்களுக்கு இடையேயுள்ள நேர்கோட்டுத் தூரம் மாறுவதில்லை. பயண நேரமோ வழியைப் பொறுத்து மாறும். இதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீற்றர். ரொறன்ரோவிலிருந்து ஒன்ராறியோ மாகாணத்து இலண்டன் நகருக்குச் சாலைவழித் தூரமும் ஏறத்தாழ இவ்வளவே.

போர்க்காலத்தில் பலாலியிலிருந்து இந்தியாவுக்குப் பயணிகள் விமானம் இருக்கவில்லை. திருச்சிக்குச் செல்வோர் முதலில் தெற்கே கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் சென்று, பின்னர் விமானத்தில் வடக்கே அதேயளவு தூரம் திரும்பிவர வேண்டும். இது நேர்வழியின் நான்கு மடங்கிற்கும் அதிகம். கண்டி வீதி மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் நாட்கணக்காகக் காத்திருக்கவும் நேர்ந்தது.

2019 நவம்பரில் பலாலிக்கும் சென்னைக்கும் இடையேயும், 2025 மார்ச்சில் பலாலிக்கும் திருச்சிக்கும் இடையேயும் விமான சேவை தொடங்கிற்று. திருச்சிப் பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் போதும். கடல் சுருங்கவில்லை; வழி திறந்தது.

பயிற்சி

1. வேகம் = தூரம் ÷ நேரம். 185 கிலோமீற்றரை ஒரு மணித்தியாலத்தில் கடக்கும் விமானத்தின் சராசரி வேகம் யாது?

2. 800 கிலோமீற்றர் பயணத்துக்கு மூன்று நாட்கள் சென்றால், ஒரு மணித்தியாலத்துக்குச் சராசரி வேகம் யாது?

3. போர்க்காலத்தில் தாம் ஊரிலிருந்து கொழும்பை அடைய எத்தனை நாட்கள் சென்றன என்று பெற்றோரிடம் கேட்டு எழுதுக.