வாசற்படி வரை வராத செபம்

திருமறைப் பாடம்: லேவியர் 13:45-46, மாற்கு 1:40-45, மத்தேயு 25:31-46

2021ஆம் ஆண்டு, கொரோனா நோய் மலைநாட்டுத் தோட்டங்களிலும் பரவியிருந்த காலம். கண்டிக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில், கீழ் லயத்துக் குடும்பமொன்று தனிமைப்படுத்தப்பட்டது. தாயும் மூன்று பிள்ளைகளும் ஒரே காம்பராவுக்குள். பொதுப் பைப்புக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேரும் இல்லை. அக்குடும்பம் நமது சபையைச் சேர்ந்தது. எனவே நாம் நாலைந்து பேர் மேல் லயத்து வாசலில் நின்று, அவர்களது பெயரைச் சொல்லிச் சத்தமாகவே செபித்தோம். பின்பு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம்.

கோயில் மீண்டும் திறந்த ஞாயிறன்று அந்தத் தாய் வந்தார். கடைசிப் பாயில் இருந்தார். அவரருகே எவரும் இருக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் உபதேசியாரிடம் அவர் கோபமின்றிச் சொன்னது இதுதான்: "நீங்க செபம் பண்ணுனது எங்க காம்பராவுக்கே கேட்டுச்சுங்க ஐயா. ஆனா தண்ணி கொண்டாந்து வச்சது பக்கத்துக் காம்பரா அக்காதான்."

அந்த அக்கா வெள்ளிதோறும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். காலையும் மாலையும் ஒரு குடம் தண்ணீரையும், சில நாட்களில் ரொட்டியையும் சம்பலையும் வாசற்படியில் வைத்து, கதவைத் தட்டிவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறார். நோயைப் பற்றிய பயம் அவருக்கும் இருந்தது. நமக்கும் அவருக்கும் இருந்த வேறுபாடு பயத்தில் அல்ல. அவர் வந்தார், நாம் வரவில்லை.

திருமறை என்ன சொல்கிறது?

லேவியர் ஆகமத்தின்படி தொழுநோயாளர் பாளையத்துக்கு வெளியே தனியாக வாழ வேண்டும். நோய் பரவாமல் காப்பது அன்றைய சமூகத்துக்குத் தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் வெளியே போனவருக்கு யார் சோறு கொடுப்பது, யார் பேச்சுத் துணை என்பதை அந்த வசனங்கள் கூறவில்லை. நாளடைவில் நோயைத் தள்ளிவைப்பது மனிதரைத் தள்ளிவைப்பதாக மாறியது.

மாற்கு நற்செய்தியில் ஒரு தொழுநோயாளர் இயேசுவிடம் வருகிறார். இயேசு மனமிரங்கி, கையை நீட்டி அவரைத் தொடுகிறார். ஒரு சொல்லாலேயே குணமாக்கியிருக்கலாம், ஆனாலும் தொட்டார். பின்பு குருவிடம் போய்க் காட்டும்படி அனுப்புகிறார். ஏன்? குரு சாட்சி சொன்னால்தான் அவர் மீண்டும் தம் ஊருக்குள், தம் குடும்பத்துக்குள் வாழலாம். நோய் நீங்குவது பாதி வேலை. உறவு திரும்புவதே மீதிப் பாதி.

அப்பகுதியின் கடைசி வசனத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அந்த மனிதர் ஊருக்குள் வருகிறார். இயேசுவோ ஊருக்குள் வெளிப்படையாகப் போக முடியாமல் வெளியே, தனிமையான இடங்களில் தங்குகிறார். இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள்! அதனால்தான் மத்தேயு 25இல், நோயுற்றவரைப் பார்க்கச் சென்றவர்கள் தம்மையே பார்க்க வந்தார்கள் என்று அவரால் சொல்ல முடிகிறது.

நமது மண்ணில் நடந்தது

இதை வாழ்ந்து காட்டிய ஒருவரைத் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கோவாவில் 1651இல் பிறந்த யோசேவ் வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல் எளிய கூலியாளின் தோற்றத்தில் இலங்கைக்கு வந்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அம்மைப்பால் கட்டும் முறையை ஜென்னர் கண்டறிந்தது 1796இல்தான். ஆகவே அன்று மக்கள் அறிந்த ஒரே வழி ஓடுவது. நோயாளர் காட்டில் கைவிடப்பட்டனர். வாஸ் அடிகளாரோ, மருமகன் முறையான யோசேப் கர்வால்யோ அடிகளாருடன், அவர்களைத் தேடிப் போனார். குடிசைகள் அமைத்தார். உணவு கொடுத்தார், புண்களைக் கழுவினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. தம்மைச் சிறையில் வைத்த தலைநகருக்கே அவர் இந்தப் பணியைச் செய்தார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே மரித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நாம் புனிதருக்கு விழா எடுக்கிறோம், கொடியேற்றுகிறோம். அவர் நடந்த பாதை காட்டுக்குள் போனது என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்று நாம் செய்யக்கூடியவை

தனிமைப்படுத்துவது வேறு, தள்ளிவைப்பது வேறு. வைத்தியர் சொல்லும் பாதுகாப்பை மீறுவது விசுவாசம் ஆகாது. தண்ணீரை வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பது அன்புக்குக் குறைவும் அல்ல.

கொரோனா தணிந்தாலும், தள்ளிவைக்கும் பழக்கம் நம்மிடையே தணியவில்லை. காசநோய் என்றதும் கோப்பையைத் தனியாக வைக்கிறோம். முறையாக மருந்து எடுக்கத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரங்களில், பெரும்பாலானோரிடமிருந்து அந்நோய் பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். ஆனால் நோய் முற்றாகக் குணமாக வழக்கமாக 6 மாதம் மருந்து எடுக்க வேண்டும். நடுவில் விட்டால் ஆபத்து. தொழுநோயும் மருந்தால் முற்றாகக் குணமாகும். இரண்டுக்கும் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். அப்படியிருந்தும் பலர் வெட்கத்தால் நோயை மறைக்கிறார்கள். அந்த வெட்கத்தை உண்டாக்குவது கிருமி அல்ல, நாம்.

ஆகவே ஒவ்வொரு சபையும் லயத்துக்கு இருவரைப் பொறுப்பாக நியமிக்கலாம். யாருக்கு நோய், யாருக்கு வேலையில்லை என்று அவர்கள் அறிந்திருக்கட்டும். கிளினிக்குக்குத் துணை போகட்டும். பஸ் காசுக்குக் காணிக்கையில் ஒரு பங்கை ஒதுக்குவோம். மதம், இனம் பாராமல் பக்கத்துக் காம்பராவையும் சேர்த்துக்கொள்வோம். குணமாகித் திரும்புகிறவரின் பாயில் முதலில் போய் இருக்க வேண்டியவர்கள் சபைப் பெரியவர்களே.

குழுவாகச் சிந்திக்க

1. நமது தோட்டத்தில் அல்லது கிராமத்தில் இன்று 'பாளையத்துக்கு வெளியே' இருப்பவர் யார்?

2. கடந்த மாதம் நாம் பெயர் சொல்லிச் செபித்தவர்களில் எத்தனை பேரின் வீட்டுக்குப் போனோம்?

3. நமது சபையைச் சேராத ஒருவரிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட அன்பு எது?

அந்தத் தாய் இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறார். நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். பக்கத்துக் காம்பரா அக்காவிடமும் போய் நன்றி சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "இதுக்கெல்லாமா வருவாங்க?" என்றார். ஆம், அக்கா. இதற்குத்தான் நாங்கள் முதலிலேயே வந்திருக்க வேண்டும்.