டைல்ஸ் வெடித்தால் சூட்டைப் பழிக்காதீர்கள்

பிரிட்டனில் வீட்டின் பின்பக்கத்தை நீட்டிச் சமையலறை கட்டுபவர்கள் பலர், ரேடியேட்டரை விட்டுவிட்டுத் தரைக்குள்ளேயே வெந்நீர்க் குழாய் பதிக்கிறார்கள். வெப்பக் காப்புப் பலகையின்மேல் குழாயைச் சுற்றிச் சுற்றிப் பரப்பி, அதை மூடி ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் கனத்தில் ஸ்க்ரீட் எனப்படும் சிமென்ட்-மணல் தளம் போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டுவது முறை. முதல் குளிர்காலத்திலேயே டைல்ஸில் கோடு விழுந்தால், ‘சூடு தாங்கவில்லை’ என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. இது தவறான நம்பிக்கை. போர்சலின் டைல்ஸ் சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் சூளையில் வெந்து வந்த பொருள். குழாயில் ஓடும் தண்ணீரோ பெரும்பாலும் 35 முதல் 45 டிகிரிதான். ஆட்கள் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது ஈஎன் 1264 என்ற ஐரோப்பியத் தரவிதி. அது நம் உடம்புச் சூட்டைவிடக் குறைவு.

அப்படியானால் விரிசல் எங்கிருந்து வருகிறது? சூடேறும்போது ஸ்க்ரீட்டும் டைல்ஸும் ஒரே அளவில் விரிவதில்லை. ஐந்து மீட்டர் நீளத் தரை 20 டிகிரி சூடேறினால், ஸ்க்ரீட் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். போர்சலின் அதில் பாதியளவுதான். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு குளிர்காலமும் அந்த இழுபறியைத் தாங்க வேண்டியது நடுவிலிருக்கும் பசை. அதனால்தான் ‘கல்லாக இறுகும் பசையே நல்லது’ என்ற இன்னொரு நம்பிக்கையும் இங்கே செல்லாது. தேவைப்படுவது எஸ்1 வகைப் பசை. இறுகிய பிறகும் ஓரளவு வளைந்து கொடுப்பது. டைல்ஸுக்கு இடையிலுள்ள கிரவுட் போதாதா என்று கேட்கலாம். போதாது, சிமென்ட் கிரவுட்டும் இறுகிவிடும். சுவரோரம் நெடுக இடைவெளி வேண்டும். 40 சதுர மீட்டருக்கு மேலோ, ஒரு பக்கம் 8 மீட்டருக்கு மேலோ போனால், ஸ்க்ரீட்டைப் பிரித்து அசைவு இணைப்பு விட வேண்டும். அதே கோட்டில் டைல்ஸிலும் விட வேண்டும். பழைய வீட்டுத் தளமும் புதுத் தளமும் சந்திக்கும் வாசற்கோட்டைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனி அஸ்திவாரத்தில் நிற்பவை. அழகுக்காக அந்தக் கோட்டின் குறுக்கே முழு டைல்ஸை ஒட்டினால், விரிசல் அளவெடுத்ததுபோல அங்கேயே நேராக விழும்.

இதைவிடப் பெரிய கேடு அவசரம். ‘ஹீட்டிங் இருக்கிறதே, போட்டுவிட்டால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும்’ என்பது வேலைத்தளங்களில் வேரூன்றிய பேச்சு. பச்சைத் தளத்தைச் சூடாக்கினால் மேல்பக்கம் முந்திக் காய்ந்து, சுருங்கி, விளிம்புகள் மேலே எழும்பும். சிமென்ட் ஸ்க்ரீட் போட்டு 21 நாட்களுக்குப் பிறகே முதல் சூடேற்றம் என்கிறது அதே ஈஎன் 1264 விதி. 20 முதல் 25 டிகிரித் தண்ணீரில் மூன்று நாள், பிறகு உச்ச வெப்பநிலையில் குறைந்தது நான்கு நாள். கால்சியம் சல்பேட் ஸ்க்ரீட்டுக்கு ஏழு நாள் போதும். ஆனால் அதில் வேறொரு பொறி உண்டு. மேலே படியும் பால்போன்ற மெல்லிய படலத்தைத் தேய்த்தெடுக்காமலும் பிரைமர் பூசாமலும் சிமென்ட் பசையை வைத்தால், ஈரம் பட்டதும் இரண்டும் வினைபுரிந்து பிடிமானம் போய்விடும். அப்படிப் பெயர்ந்த டைல்ஸைத் திருப்பிப் பார்த்தால், பசை முழுவதும் டைல்ஸோடு வந்திருக்கும்; கீழே தளத்தில் வெள்ளைப் பொடி மட்டும் மிஞ்சும்.

75 மில்லிமீட்டர் தளம் தானாகக் காய மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். அவ்வளவு காலம் சமையலறை இல்லாமல் ஒரு குடும்பம் எப்படி இருக்கும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை விரைந்து காயும் ஸ்க்ரீட். விலை கூடுதல்தான். ஆனால் ஒட்டிய பிறகு பெயர்த்தால் குழாயில் உளி படும் ஆபத்து இருக்கிறது. அப்படிப் பெயர்த்துச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் இந்தக் கூடுதல் விலை சிறிது. எந்த ஸ்க்ரீட்டானாலும் கையால் தொட்டுப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்று சொல்வதை ஏற்காதீர்கள். ஜெர்மனியில் எந்த நாளில் எத்தனை டிகிரி ஓடியது என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருவது வழக்கம். அதுபோன்ற தாளையும் ஈரமானியின் அளவையும் கேட்டு வாங்கிய பிறகே முதல் டைல்ஸை ஒட்ட விடுங்கள்.