அம்மோனியா நெடி அடித்தால்...

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் கடலில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் அம்மோனியா குழாய் கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உரத்துக்கும் ஐஸ் ஃபேக்டரிக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் வேண்டிய வாயு இது. கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், எண்ணூர் பக்கம் குடியிருப்போர் அது கசிந்தால் என்ன செய்வதென்று தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம்.

1. மூத்திர நாற்றம்போல மூக்கைத் துளைக்கும் நெடிதான் முதல் எச்சரிக்கை. காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு இருந்தாலே உயிருக்கு ஆபத்து. நேரம் ஆக ஆக மூக்கு மரத்துப்போகும். நெடி குறைந்துவிட்டதாக நினைத்து அங்கேயே நிற்காதீர்கள்.

2. ஓடுவதற்கு முன் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். தென்னங்கீற்று, கட்சிக் கொடி, கொடியில் காயும் துணி எதுவானாலும் காட்டிக்கொடுக்கும். காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் விலகிப் போங்கள். நம் கரையோரத்தில் பெரும்பாலும் பகலில் கடல்காற்று, இரவில் கரைக்காற்று. மழைக்காலத்தில் இது மாறும். ஆகவே இரவுக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று என இரண்டு வழிகளை வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்.

3. அம்மோனியா காற்றைவிட லேசானது. ஆனால் மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவம் கொட்டினால், குளிர்ந்த வெண்புகையாகத் தரையோடு தவழும். அந்தப் புகைக்குள் வண்டியை விடவே கூடாது.

4. கான்கிரீட் வீடென்றால் கதவு, ஜன்னலை அடைத்து, ஏ.சி.யையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி செருகி உள்ளேயே இருக்கலாம். ஓட்டு வீடு, ஷீட் வீடு தாங்காது, வெளியேறுவதே மேல்.

5. இந்த வாயு தண்ணீரில் சட்டென்று கரையும். நனைத்த துண்டை மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொள்ளுங்கள். கொஞ்ச தூரம் கடக்க மட்டுமே அது உதவும்.

6. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எலுமிச்சை, வினிகர், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். திரவம் பட்டுத் துணி தோலோடு உறைந்திருந்தால் பிய்த்து இழுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி இளக்கிய பிறகே கழற்றுங்கள்.

7. காற்றில் 15 முதல் 28 சதவீதம் சேர்ந்தால் தீப்பிடிக்கும். திறந்த வெளியில் அது அரிது. மூடிய அறையில் நடக்கும். அடுப்பை அணையுங்கள். நெடி நிறைந்த அறையில் சுவிட்சைத் தொடாதீர்கள்.

8. மூச்சு சீரானாலும் ஒரு நாள் கவனியுங்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகளை உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

9. நெடுஞ்சாலையில் டேங்கர் கவிழ்ந்து கிடந்தால் வேடிக்கை பார்க்கக் கிட்டே போகாதீர்கள். பின்புறப் பலகையில் 1005 என்ற எண் இருந்தால் அது அம்மோனியா. விலகி நின்று 101, 108 அல்லது 112-க்குச் சொல்லுங்கள்.

10. விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுற்றியுள்ள மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது, அபாயகர ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆலையின் கடமை. உங்கள் ஊரில் யாராவது வந்து சொன்னார்களா? இல்லையென்றால் அடுத்த கிராம சபையில் கேளுங்கள். சைரன் ஒலி எப்படியிருக்கும், எங்கே கூட வேண்டும், ஒத்திகை எப்போது என்ற மூன்றையும் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.